வெள்ளைச் சிமெண்ட்

சேலைக்கு ஃபால்ஸ் தைப்பவர்களுக்கு மழைக்காலம் மாதிரி ஓர் இம்சை கிடையாது. துணி நமுத்துப்போகும், ஊசி வழுக்கும், நடுப்பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருக்கும். ஆஸ்டின் டவுனில் அந்த வருஷம் ஆனியிலேயே தூறல் பிடித்துக்கொண்டது. கொட்டித் தீர்க்கிற மழையாக இருந்தாலும் பரவாயில்லை. இது பெங்களூர் மழை. வருகிறதா நின்றதா என்று தெரியாமல் நாளெல்லாம் நசநசத்துக்கொண்டே இருக்கும்.

சரளா வாசற்படி ஓரமாகப் பாய் விரித்து, சிவாஜிநகர் துணிக்கடையிலிருந்து மூட்டையாகக் கட்டிவந்த சேலைகளை மடியில் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தாள். எதிரே மகள் மலர். கை போகிற வேகத்தில் கத்தரிக்கோலைத் தேட நேரமேது? ஒரு ஓரம் முடிந்ததும் நூலை முன்பல்லில் வைத்து ஒரு கடி, அடுத்த ஓரம். சரளாவின் மேல்பல்லில் நூல் அறுத்து அறுத்தே சின்னதாக ஒரு வெட்டு விழுந்திருந்தது. அந்தச் சந்தில் இந்த வேலை செய்கிற எல்லாப் பெண்களுக்கும் அப்படித்தான்.

அன்றைக்கு மலர் நூலைக் கடித்தவள், "யம்மா!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஊசி குத்திக்கினியா?"

"பல்லும்மா. முன்னாடி பல்லு. மண்டை வரைக்கும் சுர்ருன்னுது."

வெளிச்சத்தில் நிறுத்தி உதட்டைத் தூக்கிப் பார்த்தாள் சரளா. மேல்வரிசையின் நடுப்பல்லில், பக்கத்துப் பல்லை ஒட்டினாற்போல், ரொம்ப நாளாக இருந்த கறுப்புப் புள்ளி உள்ளே குழிந்து வாய் திறந்திருந்தது.

பக்கத்து வீட்டுத் தாயம்மா கீரை ஆய்ந்துகொண்டே எட்டிப் பார்த்தாள். அவளுக்கு வாயில் இருப்பது மொத்தமே நாலைந்து பல்தான். அதை வைத்துக்கொண்டு முறுக்கும் தின்பாள், ஊர்வம்பும் பேசுவாள்.

"பல்லுதானே? புடுங்கிப் போட்டுட்டுப் போயேண்டி. என்னைப் பாரு, நிம்மதியாக் கீறேன். பல்லு தேய்க்கிற வேலையும் மிச்சம்."

"உங்களுக்கென்னக்கா, பேத்தி எடுத்தாச்சு. நாளைக்கு வேலைக்குப் போற பொண்ணு இவ."

"போன்ல பேசற வேலைதானேடி? பல்லா தெரியப்போவுது?"

தாயம்மா விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் அந்தச் சொல் சரளாவுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது.

மலருக்கு ஏர்போர்ட் ரோட்டில் ஒரு கால் சென்டரில் ஆள் எடுத்திருந்தார்கள். வெளிதேசத்துக்காரர்கள் போன் செய்தால் எடுத்துப் பேச வேண்டும். ஆவணியில் பயிற்சி தொடங்கும். பயிற்சி முடிவில் ஒரு பரீட்சை. அதில் தேறினால் வேலை நிச்சயம். சரளா குடும்பம் கோலார் தங்கவயலிலிருந்து வந்தது. அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் வாயில் தானாக வரும். அதிலும் மலர் பேசினால், கண்ணை மூடிக்கொண்டு கேட்பவர்கள் ரேடியோ என்றுதான் நினைப்பார்கள். சுரங்கத்தை மூடி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கம்பெனி கொடுத்த பணம் இந்த ஒற்றை அறை வீட்டின் லீசுக்குப் போயிற்று. பூமிக்கடியில் துளை போட்ட மலரின் அப்பா பெர்னார்ட், கோரமங்களாவில் ஓர் அப்பார்ட்மெண்ட் கேட்டில் வாட்ச்மேனாக நின்றார். குளிர்காற்று பட்டால் அவருக்கு இருமல் நிற்காது. மலர் சம்பளம் வாங்கிவிட்டால் முதல் காரியமாக அவரை அந்த கேட்டிலிருந்து வீட்டுக்குக் கூட்டிவந்துவிட வேண்டும். அம்மாவும் மகளும் இதை வாய்விட்டுப் பேசிக்கொண்டதில்லை. இரண்டு பேருக்கும் தெரியும்.

மெயின் ரோட்டில் டாக்டர் சேஷகிரியின் கிளினிக்குக்கு மறுநாள் மலரைக் கூட்டிப்போனாள் சரளா. கண்ணாடிக் கதவு, மீன்தொட்டி, செருப்பை வெளியே விடச் சொல்லும் பலகை. டாக்டர் நல்ல மனுஷர்தான். சாவிக்கொத்து மாதிரி ஒன்றை எடுத்தார். சாவிக்குப் பதிலாக அதில் வரிசையாகப் பற்கள் தொங்கின. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வெள்ளை. மலரின் பல்லோடு ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார்.

"இது கரெக்டா மேட்ச் ஆகுதும்மா. இந்த கலர்லயே வெச்சு, நீல லைட் அடிச்சா கல்லு மாதிரி ஆயிடும். அடைச்சது யாருக்கும் தெரியாது. ஒரே நாள்ல முடிச்சிடலாம்."

"கறுப்பா, வெள்ளியாட்டம் அடைப்பாங்களே, அது சார்?"

"அது கடைவாய்ப் பல்லுக்கும்மா. முன்பல்லுக்கு அது நிக்காது, அசிங்கமாவும் இருக்கும். இதுக்கு வெள்ளைதான். சீக்கிரம் பண்ணணும், உள்ள ஆழமாப் போயிருக்கு. மேல தெரியறது கொஞ்சம்தான்."

அப்புறம் அவர் சொன்ன தொகையைக் கேட்டதும் சரளாவின் கண் வாசலில் கழற்றிவிட்ட செருப்பைத் தேடிப் போய்விட்டது.

"வீட்டுல கேட்டுட்டு வரோம் சார்," என்று மலரின் கையைப் பிடித்தாள்.

"கேளுங்க. ஆனா தள்ளிப் போடாதீங்க."

அன்று சாயங்காலம் பெர்னார்ட் வந்ததும் ராகிக் களியும் கருவாட்டுக் குழம்பும் வைத்தாள். களியைக் கிள்ளிக் குழம்பில் தோய்த்து விழுங்குகிற மனுஷரிடம் மெதுவாக விஷயத்தை எடுத்தாள்.

"ஒரு ஓட்டை அடைக்கிறதுக்கா?" என்றார் அவர். "மலையையே தொளை போட்டோம், அடைச்சோம். இம்மாந்துண்டு ஓட்டைக்கு இவ்ளோ கேக்கறானா அவன்?"

"வெள்ளையா அடைக்கிறாங்களாம். கலரு பார்த்து."

"கலரு! சேலைக்கு மேட்சிங் பிளவுஸ் எடுக்கறாப்புலயா?"

மலர் சிரித்துவிட்டாள். சிரித்ததும் பல்லில் காற்றுப்பட்டு முகம் சுருங்கியது.

"நைனா, முன்னாடி பல்லு நைனா. ஆழமாப் போயிடுச்சாம்."

"போகட்டும், அரசாங்கத்துப் பல் ஆஸ்பத்திரி எதுக்குக் கீது? கம்பெனி ஆஸ்பத்திரில நாம காசு குடுத்தா வைத்தியம் பார்த்தோம்? உன் அம்மாவுக்கு உன்னைப் பெத்தது, எனக்குக் கால்ல கல்லு வுழுந்தது, எல்லாம் சும்மாதான். அங்கப் பார்த்த வைத்தியத்துல எதனா கொறை உண்டா?"

உண்மைதான். குறை இருந்ததில்லை.

சரளா காதுத் தோட்டைத் தடவிக்கொண்டாள். அடகு வைத்தால் பணம் கிடைக்கும். கேட்டுவிடலாமா என்று வாய்வரை வந்தது. ஆனால் அவள் வாயிலிருந்து வந்தது வேறு.

"அவரு சொல்றதும் சரிதான் மலரு. போன்ல பேசப்போறே. உன் பல்லை யாரு பார்க்கப்போறாங்க? அடைச்சா போதும், வலி நின்னா போதும்."

மலர் தட்டைக் கழுவ எழுந்து போனாள்.

அரசாங்கப் பல் ஆஸ்பத்திரிக்கு மூன்று பேருமே போனார்கள். பெர்னார்ட் லீவு போட்டு, கம்பெனி காலத்துச் சலவைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். சீட்டு வாங்க ஒரு வரிசை, படம் எடுக்க ஒரு வரிசை, பல்லைக் காட்ட ஒரு வரிசை. ஈரக்குடைகளிலிருந்து தண்ணீர் வடிந்து தரையெல்லாம் சேறு. கவுண்டரில் இருந்த லட்சுமம்மா கன்னடத்தில் எல்லோரையும் ஒரே குரலில் விரட்டிக்கொண்டிருந்தாள். பெர்னார்ட் மட்டும் அவளிடம் மரியாதையாகக் கன்னடத்தில் பேசி, விலாசம் எழுதும்போது, "ஆஸ்டின் டவுன், ஃபுட்பால் கிரவுண்டுக்குப் பின்னாலே, மாவு மில்லுக்கு எதிர்ச்சந்து, அதையும் எழுதிக்கோம்மா" என்று நின்று எழுத வைத்தார்.

"அதெல்லாம் எதுக்குங்க?" என்றாள் சரளா.

"ஆளு வந்தா தேடக் கூடாது பாரு."

பல்லைப் பார்த்தது தீபிகா என்று ஒரு பெண். படிக்கிற பிள்ளை, மலரைவிட இரண்டு மூன்று வயது மூத்திருப்பாள். ஓசூர்ப் பக்கம் ஊராம், தமிழ் பேசினாள். பொறுமையாகச் சொத்தையைச் சுரண்டி எடுத்தாள். மலர் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக் கிடந்தாள்.

"வெள்ளை ஃபில்லிங்தான் வெக்கணும். ஆனா மெட்டீரியல் தீர்ந்துபோச்சு," என்றாள் தீபிகா. "இப்போதைக்கு டெம்பரரியா சிமெண்ட் வெச்சு விடறேன். வலி நின்னுடும். ஸ்டாக் வந்ததும் எடுத்துட்டு வேற வெக்கணும்."

"எப்போம்மா வரும்?" என்றார் பெர்னார்ட்.

"தெரியலை அங்கிள். வந்தா சொல்றோம். நடுவுல ஒருதரம் வந்து பாருங்க."

வைத்த சிமெண்ட் வெள்ளையாகத்தான் இருந்தது. லவங்க வாசனை அடித்தது. பஸ்ஸில் வரும்போது பெர்னார்ட் மகளின் உதட்டைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தார்.

"இதுவும் வெள்ளைதானே? என்னா வித்தியாசம் சொல்லு. அவன் நீல லைட்டு அடிப்பானாம்!"

வலியும் அன்றே நின்றுவிட்டது. வலி நின்றதுதான் வினையாயிற்று.

கோலார் கம்பெனி ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம் இருந்தது. மறுபடி வரவேண்டிய ஆளைக் கம்பெனிதான் கூப்பிடும். தொழிலாளர்கள் குடியிருந்த லைன் வீடுகளுக்குச் சைக்கிளில் ஆள் வருவான். வாசலில் மணியடித்துப் பேரைச் சொல்லுவான். ஷிப்டு கெடக் கூடாதே, அதற்காக. கூப்பிடாமல் போய் நின்றால் வேறு பேர். வேலைக்கு டிமிக்கி கொடுக்க வந்தவன் என்று எழுதிவிடுவார்கள். ஒருநாள் கூலி போய்விடும். ஆகவே சுரங்கத்துக்காரர்கள் யாரும் கூப்பிடாமல் ஆஸ்பத்திரி வாசல் மிதிக்கமாட்டார்கள். அப்பன், பாட்டன் காலத்துப் பழக்கம் அது. எலும்போடு ஊறியிருந்தது.

ஆடி பிறந்தது. மலர் ஒருநாள் கேட்டாள், "நைனா, நான் போய் மெட்டீரியல் வந்துடுச்சான்னு கேட்டுட்டு வரட்டுமா?"

"வந்தா சொல்றோம்னுதானே சொல்லிச்சு அந்தப் பொண்ணு?"

"நடுவுல வந்து பாருங்கன்னும் சொன்னாங்க."

"சொல்வாங்க, ஒரு மரியாதைக்கு. சும்மா சும்மா போய் நின்னா என்னா நெனைப்பாங்க? இலவசமாப் பார்க்கறவங்க. அட்ரஸு குடுத்துட்டு வந்திருக்கேன். மாவு மில்லு முதக்கொண்டு எழுதிக் குடுத்திருக்கேன்."

சரளாவும் கணவரோடு சேர்ந்துகொண்டாள். "வலிச்சாப் போலாம் மலரு. இப்பதான் வலிக்கலையே."

சந்தில் சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் சரளா ஊசியை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்குவாள். பால்காரனாக இருக்கும். தபால்காரனாக இருக்கும். தாயம்மா ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"யாரைடி இப்படி வழி பார்க்கிறே, எட்டி எட்டி?"

"ஆஸ்பத்திரியிலருந்து ஆளு வரணும்க்கா. மலரு பல்லுக்கு."

தாயம்மா கீரைக்கட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "அடி பைத்தியமே! செத்தாலே ஆளு அனுப்ப மாட்டான் இந்த ஊர்ல. பல்லுக்கு அனுப்புவானா?"

சரளாவுக்குக் கோபம் வந்தது. இந்த அக்காவுக்கு எதையும் கேலி செய்யத்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டாள். ராத்திரி கணவரிடம் இதைச் சொல்லவும் இல்லை.

ஆவணியில் மலர் பயிற்சிக்குப் போனாள். கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு கம்பெனி வண்டியில் ஏறுவதைப் பார்க்கச் சந்தே வாசலுக்கு வந்தது. பயிற்சி கொடுப்பவள் தாரணி மேடம். மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் மலரைத்தான் காட்டிச் சொல்லுவாளாம், 'இந்த மாதிரி பேசுங்கள்' என்று. வீட்டில் சோறு பரிமாறிக்கொண்டே மலர் இங்கிலீஷில் பேசிக் காட்டுவாள். பெர்னார்ட் காதை மட்டும் இவள் பக்கம் வைத்துக்கொண்டு கண்ணை மூடிச் சாப்பிடுவார்.

"கேளு சரளா, தொரைசாணி மாதிரியே கீது."

பரீட்சைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சில் பூசை முடிந்து வந்திருந்தார்கள். பீஃப் சுக்கா அடுப்பில் வெந்துகொண்டிருந்தது. திங்களன்று கடைக்குப் போகவேண்டிய சேலைகள் மிச்சம் இருந்தன. 'நீ விடு, நான் பார்த்துக்கறேன்' என்று சரளா சொல்லச் சொல்லக் கேளாமல் மலரும் பக்கத்தில் உட்கார்ந்தாள். அது நைலான் நூல். பேச்சுவாக்கில், கைப்பழக்கத்தில், முன்பல்லில் வைத்து இழுத்தாள்.

சத்தம் சரளாவுக்கே கேட்டது. காய்ந்த குச்சி முறிகிற மாதிரி.

மலரின் வாயிலிருந்து வெள்ளைச் சிமெண்ட் துண்டு மடியிலிருந்த சேலையில் விழுந்தது. அதோடு பல்லில் பாதியும். மிச்சப் பாதியிலிருந்து ரத்தம் கசிந்து வாய் நிறைந்தது.

திங்கள் காலையில் சரளா யாரையும் கேட்கவில்லை. தோட்டைக் கழற்றி அடகுக் கடையில் வைத்துவிட்டு, பணத்தை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு, மலரையும் இழுத்துக்கொண்டு சேஷகிரியின் கிளினிக்குக்கு ஓடினாள்.

"சார், பணம் கொண்டாந்திருக்கேன். அந்த வெள்ளையே வெச்சிடுங்க. அன்னிக்குப் பார்த்தீங்களே, மேட்சிங், அதே கலரு."

டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"எதும்மேல வெக்கறதும்மா? வேர் வரைக்கும் நெட்டுக்குப் பொளந்திருக்கு. அந்த சிமெண்ட் கொஞ்ச நாளைக்குத்தான் தாங்கும். உள்ள மறுபடியும் அரிச்சு வெறும் கூடா நின்னிருக்கு." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எடுத்துடணும். வேற வழியில்லை. அதை நான் எடுத்தாலும் ஒண்ணுதான், அரசாங்க ஆஸ்பத்திரில எடுத்தாலும் ஒண்ணுதான். பணத்தை வெச்சுக்கோங்க."

அரசாங்க ஆஸ்பத்திரியில் அன்றைக்கும் தீபிகாதான் இருந்தாள். பெர்னார்ட்டும் கேட்டை யாரிடமோ ஒப்படைத்துவிட்டு வந்து சேர்ந்திருந்தார். அந்தப் பெண் மலரின் வாயைப் பார்த்ததும் பதறிப்போனாள்.

"ஏன் வரவே இல்லை நீங்க? ஸ்டாக் வந்து ரொம்ப நாளாச்சே! வெச்சிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும்."

"நீங்க கூப்பிடலையேம்மா," என்றார் பெர்னார்ட்.

"கூப்பிடறதா? யார் அங்கிள் கூப்பிடுவாங்க? ஒருநாளைக்கு எத்தனை பேர் வராங்க பாருங்க!"

"அட்ரஸு எழுதிக் குடுத்தேனேம்மா. மாவு மில்லுக்கு எதிர்ச்சந்துன்னு…"

தீபிகாவுக்குப் புரியவில்லை. சரளாவுக்குப் புரிந்தது. அவள் கணவரின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, பெஞ்சில் உட்கார வைத்தாள். முழங்காலில் கையை ஊன்றித் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்தார் மனுஷர். சுற்றிலும் ஜனங்கள் நெருக்கிக்கொண்டு போனார்கள். உள்ளே பல்லை எடுக்கும்போது மலர் கத்தவில்லை.

பல் செட்டு கட்டலாமா என்று கேட்டாள் சரளா. ஈறு ஆறவேண்டும், அதற்கு வேறு பிரிவு, அங்கே மாசக்கணக்கில் வரிசை என்றார்கள்.

பரீட்சை அன்று மலர் உதட்டை மூடிக்கொண்டு வண்டி ஏறினாள். திரும்பி வந்தவள் கழுத்தில் அட்டை இல்லை. சரளா அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்னா சொன்னாங்க?"

"எஸ்ஸு வரலைம்மா. எஃப்பு வரலை." மலரின் குரலில் காற்று கலந்து விசிலடித்தது. "மேல்பல்லு கீழுதட்டுல படணும், அப்பதான் எஃப்பு வரும். எனக்கு வெறுங்காத்துதான் வருது. தாரணி மேடம் மூணுதரம் சொல்லச் சொன்னாங்க. அப்புறம் எனக்கே ஹெட்போன்ல போட்டுக் காட்டினாங்க."

"நேர்ல நல்லாத்தானே கேக்குது?"

"நேர்ல முகத்தைப் பார்த்துக்கினு கேக்கறே நீ. போன்ல சத்தம் மட்டும்தான். காதுல ஊதற மாதிரி கீதும்மா. கஸ்டமர் வெச்சிடுவான்னு சொன்னாங்க."

"பல்லு கட்டிட்டு வரோம்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். இந்த பேட்ச்சு முடிஞ்சுபோச்சு, அடுத்ததுக்கு ஆளு எடுத்தாச்சுன்னாங்க." மலர் பாவாடை நுனியைச் சுருட்டிச் சுருட்டி விரித்தாள். "மேடம் அழுதாங்கம்மா. நான் அழலை."

போன்ல பேசறதுக்குப் பல்லை யாரு பார்க்கப்போறாங்க என்று தான் சொன்னது சரளாவின் தொண்டையில் முள்ளாக நின்றது. அதை எடுத்து வெளியே போடவும் முடியவில்லை. மலர் அதைச் சொல்லிக் காட்டவில்லை. சொல்லியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

அதற்கப்புறம் வீட்டில் மலரின் பேச்சு குறைந்துகொண்டே போயிற்று. ஒரு தலையாட்டல், ஒரு 'ம்'. சாப்பிடும்போது யாரும் இங்கிலீஷ் கேட்கவில்லை. பெர்னார்ட் இருமிக்கொண்டே கேட்டுக்குப் போனார், இருமிக்கொண்டே வந்தார். தீபாவளிக்கு முன்னால் ஓசூர் ரோட்டில் ஒரு கார்மெண்ட்ஸ் ஃபேக்டரியில் ஆள் எடுத்தார்கள். அங்கே தைத்துக் காட்டச் சொன்னார்கள். பேசிக் காட்டச் சொல்லவில்லை. மலரை எடுத்துக்கொண்டார்கள்.

ஒருநாள் சாயங்காலம், சந்தாபுராவில் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்த சரளா, திரும்பும் வழியில் மகளைக் கூட்டிப்போகலாம் என்று ஃபேக்டரி வாசலில் இறங்கினாள். மணி அடித்ததும் பெண்கள் கூட்டங்கூட்டமாக வெளியே வந்தார்கள். கன்னடம், தமிழ், தெலுங்கு, சிரிப்பு, கூச்சல். காதைப் பொத்திக்கொள்ளலாம் போலிருந்தது. வாசலில் பையைச் சோதனை போட்டுக்கொண்டிருந்த சூப்பர்வைசர் மங்களம், சரளாவை நிறுத்தினாள்.

"யாரைப் பார்க்கணும்க்கா?"

"மலருன்னு… கோலார்ப் பொண்ணு. என் மகதான்."

"ஓ, நீங்கதான் அம்மாவா?" மங்களத்தின் முகம் கனிந்துவிட்டது. சரளாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "தங்கமான பொண்ணுக்கா. கவலையே படாதீங்க. இங்க உங்க பொண்ணு மாதிரியே பேச்சு வராத புள்ளைங்க ஒரு வரிசையே இருக்குதுங்க. அதுங்களோடதான் உக்கார வெச்சிருக்கேன். கைஜாடையெல்லாம் என்னா வேகமாப் புடிச்சிக்கிச்சு தெரியுமா!"

சரளாவுக்கு முதலில் விளங்கவில்லை. மங்களம் கை காட்டிய பக்கம் பார்த்தாள். நாலைந்து பெண்கள் ஒரு சத்தமும் இல்லாமல், கைகளாலேயே கலகலவென்று பேசிக்கொண்டு வந்தார்கள். நடுவில் மலர். அவள் விரல்களும் பேசிக்கொண்டிருந்தன. உதடுகள் ஒட்டியிருந்தன. அந்த ஒட்டிய உதட்டோடேயே அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். இத்தனை மாசத்தில் சரளா பார்க்காத சிரிப்பு.

அம்மாவைப் பார்த்ததும் மலரின் கைகள் பாதியில் நின்றன. மங்களத்தையும் அம்மாவையும் மாறிமாறிப் பார்த்தாள். கண்ணால் கெஞ்சினாள். யாருக்கும் தெரியாதபடி 'சொல்லாதே' என்பதுபோல் தலையை மெல்ல, இப்படியும் அப்படியும் அசைத்தாள்.

"பொறவியிலயே இப்படித்தானாக்கா?" என்று கேட்டாள் மங்களம்.

சரளா வாயைத் திறந்தாள். ஃபேக்டரிச் சுவர் ஓரமாகத் தூறல் விழ ஆரம்பித்திருந்தது.

"ஆமாம்மா," என்றாள். "பொறந்ததுலருந்தே."

மலர் வந்து அம்மாவின் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள்.